பட்டையை மறைத்துவிட்டு செஸ் பாருங்கள்: இணைய நேரலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2014 நவம்பர் 15. சோச்சியில் உலக சாம்பியன்ஷிப், ஆறாவது ஆட்டம். மேக்னஸ் கார்ல்சனும் விஸ்வநாதன் ஆனந்தும் 2.5 – 2.5 என்று சமமாக இருந்தார்கள். 26ஆவது நகர்த்தலில், வெள்ளையோடு ஆடிய கார்ல்சன் தன் ராஜாவை டி2 கட்டத்தில் வைத்தார். அடுத்த நொடியே என் திரையில் எஞ்சின், அதாவது நிலையைக் கணக்கிட்டு யார் முன்னிலை என்று சொல்லும் செஸ் நிரல், காட்டிய எண் குப்புறப் புரண்டது. அதுவரை வெள்ளைக்குச் சாதகமாக நின்ற ஆட்டம் இப்போது ஆனந்த் கையில். குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டினால் போதும். வெள்ளை பதிலுக்கு யானையை வெட்டினாலும் அதே குதிரை இன்னொரு சிப்பாயைச் செக்கோடு எடுக்கும், யானைக்கு யானை அப்புறம் வசூலாகிவிடும்.

ஆனந்த் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அந்த ஆட்டத்தில் தோற்றார். பிறகு போட்டியும் 6.5 – 4.5 என்று கைவிட்டுப் போனது.

அன்று எனக்கு வந்த கோபம் பல நாள் அடங்கவில்லை. இவ்வளவு சுலபமானது எப்படிக் கண்ணில் படாமல் போகும்? சில மாதம் கழித்து அதே நிலையை வீட்டில் மரப்பலகையில் அடுக்கி, அந்தப் பதிலைத் தெரியாதவன்போல் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கார்ல்சன் தவறு செய்வார் என்று எதிர்பார்க்காத ஒருவரின் கண்ணில் அந்தக் குதிரைக்கு ஒரு வேலையும் தெரியாது. ‘சுலபம்’ என்று எனக்குச் சொன்னது பலகை அல்ல, அந்த எண்தான். எண் இல்லாமல் பார்த்திருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து அந்த நிலைக்குள் இருந்திருப்பேன்.

இந்த வழிகாட்டி அதைப் பற்றியது: அந்த எண்ணையும், அதைக் கறுப்பு-வெள்ளையாகக் காட்டும் ஓரத்துப் பட்டையையும் மறைத்துவிட்டுப் பார்ப்பது. எஞ்சினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது இல்லாமல் இன்றைய பெரிய ஆட்டங்களில் பாதி நமக்குப் புரியாது. ஆனால் அதை எப்போது கேட்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், அது சொல்வதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொண்டால் நேரலை பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். விதிகள் தெரிந்து, கொஞ்சம் ஆடவும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: எந்த ஆட்டம், எங்கே

நீண்ட நேர ஆட்டத்தில் தொடங்குங்கள். கிளாசிக்கல் என்று போட்டிருக்கும். 2024 உலக சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம், அதன்பின் மீதி ஆட்டத்துக்கு 30 நிமிடம், 41ஆவது நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி கூடுதல். அதாவது யோசிக்க நமக்கும் நேரம் கிடைக்கும். மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்தைப் பார்க்கும்போது கண்ணால் துரத்துவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. அங்கே பட்டையை வைத்துக்கொண்டே பாருங்கள், தவறில்லை.

லிச்செஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. பெரிய போட்டிகளின் நகர்த்தல்கள் அங்கே உடனுக்குடன் வரும். செஸ்.காமிலும் அப்படியே. முகங்களைப் பார்க்க யூடியூப் ஒளிபரப்பு. நான் கணினியில் பலகையையும் கைப்பேசியில் ஒளிபரப்பையும் வைத்துக்கொள்வேன். ஒரே திரையில் இரண்டையும் நெருக்கினால் இரண்டுமே சரியாகத் தெரியாது.

நகர்த்தல் எப்படி நம்மிடம் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீரர்கள் ஆடும் மரப்பலகைக்கு அடியில் உணரிகள் இருக்கின்றன, காய் நகர்ந்ததும் அவை கணினிக்குச் சொல்லும். ஆட்டம் முடிந்ததும் முடிவைப் பதிவு செய்ய இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் வைப்பார்கள். இரண்டும் வெள்ளைக் கட்டங்களில் நின்றால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டங்களில் நின்றால் கறுப்புக்கு, ஒன்று வெள்ளையிலும் ஒன்று கறுப்பிலும் நின்றால் டிரா. சில நேரம் கணினி இதையே ஒரு நகர்த்தலாக எடுத்துக்கொண்டு, ராஜா தற்கொலைக்கு நடுவில் வந்து நிற்பதுபோல் காட்டும். பட்டையும் துள்ளிக் குதிக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நேரலை என்று சொன்னாலும் சில போட்டிகளில் வேண்டுமென்றே தாமதம் வைப்பார்கள். 2022 சிங்க்ஃபீல்ட் கோப்பையின் நடுவில் ஏமாற்று பற்றிய சர்ச்சை எழுந்தபோது ஒளிபரப்பை 15 நிமிடம் பின்தள்ளினார்கள். வெளியிலிருந்து யாரும் எஞ்சின் பார்த்து வீரருக்குச் சைகை காட்டிவிடக் கூடாது என்பதுதான் காரணம். எனவே பலகையும் ஒளிபரப்பும் முன்னே பின்னே வந்தால், பின்தங்கி வருவதையே முதன்மையாக வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் வீரர் கையை நீட்டும் முன்பே உங்களுக்கு விடை தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: முதல் ஒரு மணி நேரம் எஞ்சின் கிடையாது

இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். லிச்செஸில் எஞ்சினை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, விசைப்பலகையில் எல் விசையைத் தட்டினாலும் போதும். பலகையின் ஓரத்தில் நிற்கும் கறுப்பு-வெள்ளைப் பட்டையையும் மறைக்கலாம். யூடியூப் ஒளிபரப்பில் பட்டை படத்தோடே வந்தால் வேறு வழியில்லை, நான் திரையின் அந்த ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவைப்பேன். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? பக்கத்தில் நிஜப் பலகை ஒன்றை வைத்து, நகர்த்தல் வர வர நீங்களும் நகர்த்துங்கள். தொடக்க நகர்த்தல்களுக்கு லிச்செஸின் பழைய ஆட்டத் தொகுப்பைத் திறந்துகொள்ளலாம். இந்த நிலை இதுவரை எத்தனை பெரிய ஆட்டங்களில் வந்திருக்கிறது என்று அது காட்டும். ஆயிரம், நூறு, பத்து என்று குறைந்துகொண்டே வந்து ஒரு நகர்த்தலில் அந்தப் பட்டியல் காலியாகும். அதுவரை யாரும் நிற்காத இடத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். வழக்கமாக அங்கேதான் ஒருவர் இருபது நிமிடம், அரை மணி என்று யோசிக்க ஆரம்பிப்பார்.

அந்த நீண்ட யோசனை வரும்போது ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். இப்போது யார் நிலை நன்றாக இருக்கிறது? எதிராளி அடுத்து என்ன செய்யப் பார்க்கிறார்? நான் இவர் இடத்தில் இருந்தால் எதை நகர்த்துவேன்? தப்பாக எழுதினால் எதுவும் கெட்டுப்போகாது. எழுதாமல் மனத்தில் நினைத்துக்கொண்டால் பலன் இல்லை. விடை தெரிந்ததும் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று மனம் மாற்றிச் சொல்லிவிடும்.

என் அக்கா மகன் ஒன்பது வயதுக்காரன். பட்டை இருந்த நாள்களில் வந்து உட்கார்ந்ததும், “மாமா, யாரு ஜெயிக்கிறாங்க?” என்பான். வெள்ளை என்றோ கறுப்பு என்றோ சொன்னால் எழுந்து போய்விடுவான். மறைத்த முதல் நாள், பத்து நிமிடம் வெறுமனே பார்த்துவிட்டு, “மாமா, இந்தக் குதிரை ஏன் அங்கயே நிக்குது? அதுக்கு வழியே இல்லையே?” என்று கேட்டான். அந்தக் குதிரையைப் பற்றித்தான் அன்று வர்ணனையாளர்களும் கால் மணி நேரம் பேசினார்கள்.

மூன்றாம் படி: அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது

இன்று பெரும்பாலான இடங்களில் நீங்கள் பார்க்கும் எண்ணைத் தருவது ஸ்டாக்ஃபிஷ். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், நிரலும் திறந்தே இருக்கிறது. 1997இல் கேரி காஸ்பரோவை 3.5 – 2.5 என்று வென்ற டீப் ப்ளூ, வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் தனிக் கணினி. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி அதைவிட நன்றாக ஆடும். வினாடிக்குப் பார்க்கும் நிலைகள் குறைவுதான், ஆனால் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதில் பெரிய மாற்றம் வந்துவிட்டது. 2020இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் மதிப்பீட்டுக்கு, ஏராளமான நிலைகளிலிருந்து கற்றுக்கொண்ட நரம்பியல் வலை ஒன்று சேர்ந்துகொண்டது. அந்த முறை முதலில் உருவானது செஸ்ஸுக்காக அல்ல, ஜப்பானியப் பலகை ஆட்டமான ஷோகிக்காக.

எண்ணுக்கு வருவோம். கூட்டல் என்றால் வெள்ளைக்குச் சாதகம், கழித்தல் என்றால் கறுப்புக்கு. பழைய விளக்கப்படி +1 என்றால் வெள்ளையிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதற்குச் சமம். இப்போது அப்படி இல்லை. 2022 இறுதியில் வந்த 15.1 பதிப்பிலிருந்து +1 என்பதற்கு ஸ்டாக்ஃபிஷ் வேறு பொருள் வைத்திருக்கிறது. அதன் பலமுள்ள இரண்டு எஞ்சின்கள் அந்த நிலையிலிருந்து மோதினால் வெள்ளை வெல்ல 50 சதவீத வாய்ப்பு. மீதியில் பெரும்பகுதி டிரா.

ஆனால் ஆடுவது எஞ்சின்கள் அல்லவே. லிச்செஸ் அதே எண்ணை மனித வாய்ப்பாக மாற்றி வைத்திருக்கிறது. சுமார் 2300 ரேட்டிங் (வீரரின் பலத்தைக் குறிக்கும் எண்) அளவில் ஆடுவோரின் ஆட்டங்களிலிருந்து எடுத்த கணக்கு அது. அதன்படி +1 என்றால் வெள்ளைக்கு 100இல் சுமார் 59, +3 என்றால் 75, +5 என்றால் 86. அதாவது எஞ்சின் கண்ணுக்கு முடிந்துபோன +3 நிலையில்கூட நல்ல வீரர்கள் நாலில் ஒரு பங்கை இழக்கிறார்கள். உலகின் முதல் இருபது பேர் ஆடும்போது இழப்பு குறைவாக இருக்கும். ஆனாலும் +1.5 காட்டியதும் ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு டீ போடப் போனால் ஆட்டத்தின் சிறந்த பகுதியைத் தவறவிடுவீர்கள்.

+0.3, +0.4 போன்ற எண்களைப் பொருட்படுத்தவே வேண்டாம். அவை அசைவதை வைத்து யாராவது ‘தவறு செய்துவிட்டார்’ என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். எண்ணுக்குப் பதில் ‘மேட்’ என்ற குறியும் பக்கத்தில் ஒரு எண்ணிக்கையும் வந்தால், இத்தனை நகர்த்தலில் மேட் உறுதி என்று பொருள். அது ஊகம் அல்ல, முழுக்கக் கணக்கிட்டுக் கண்டது.

நான்காம் படி: சுழியம் ஒன்று, பொருள் இரண்டு

நேரலை பார்ப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது பெரிய எண் அல்ல, 0.00தான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு சுழியம், ராணிகள் போய், யானைகளும் போய், இரண்டு பக்கமும் எதை நகர்த்தினாலும் டிராதான் என்ற சுழியம். அப்போது எழுந்து போகலாம். இன்னொரு சுழியம், ஒருவருக்கு ஒரே ஒரு நகர்த்தல் மட்டும் தப்பிக்கும் வழி, அதற்கு அடுத்தும் ஒன்றே ஒன்று, அதற்கு அடுத்தும் அப்படியே என்று கயிற்றின் மேல் நடக்கும் சுழியம். பட்டையில் இரண்டும் ஒரே மாதிரி நடுவில் நிற்கும்.

2021 டிசம்பர் 3, துபாய். கார்ல்சனும் இயான் நெபோம்னியாஷியும் ஆடிய ஆறாவது ஆட்டம். 136 நகர்த்தல், ஏழே முக்கால் மணி நேரம். உலக சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் இது. கடைசியில் கார்ல்சனிடம் ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய். எதிரில் நெபோவிடம் ராணி மட்டும். ராஜாக்களையும் சேர்த்தால் ஏழு காய்கள். ஏழு காய் வரைக்கும் எல்லா நிலைகளுக்கும் சரியான விடையைக் கணினிகள் ஏற்கெனவே கண்டு அட்டவணையாக வைத்துவிட்டன. அந்த அட்டவணை டிரா என்றது, தொடர்ந்து டிரா என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பட்டையை மட்டும் பார்த்தவர்களுக்கு எதுவுமே நடக்கவில்லை. பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் மட்டும்தான் அங்கே வலியில் இருந்தார். கார்ல்சன் எதையும் இழக்காமல் நகர்த்திக்கொண்டே இருக்கலாம். நெபோ ஒவ்வொரு முறையும் சரியாக ஆட வேண்டும். 130ஆவது நகர்த்தலில் ராணியைத் தவறான கட்டத்தில் வைத்தார், ஆட்டம் போனது. அதன்பின் அந்தப் போட்டியில் அவர் எழவே இல்லை.

இந்த இரண்டு சுழியங்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதுதான் அடுத்த படி.

ஐந்தாம் படி: எஞ்சினிடம் கேட்கும் முறை

ஒரு மணி நேரம் ஆனதும், அல்லது நோட்டில் எழுதி முடித்த ஒரு முக்கியமான நிலை வந்ததும், எஞ்சினைத் திறங்கள். முதல் வேலை, அமைப்புகளில் போய் அது காட்டும் வரிகளை, அதாவது அது சிறந்ததென்று நினைக்கும் நகர்த்தல் தொடர்களை, மூன்றாக்குங்கள். லிச்செஸில் ஐந்து வரை வைக்கலாம். ஒரே வரி காட்டினால் அது கட்டளை மாதிரி இருக்கும். மூன்று வரி இருந்தால் நாம் ஒப்பிடலாம்.

இப்போது முதல் வரியின் எண்ணை விட்டுவிட்டு, முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். 0.0, 0.0, –0.1 என்றால் வழிகள் பல, நிம்மதியான நிலை. 0.0, –3.2, –4.5 என்றால் ஆடுபவர் கயிற்றின் மேல் நிற்கிறார். அந்த ஒரே வழி ‘எல்லோரும் செய்யக்கூடிய’ நகர்த்தலா, உதாரணமாக வெட்டிய காயைத் திருப்பி வெட்டுவதா, இல்லை காயைப் பின்னுக்கு இழுப்பது, ராஜாவைத் திறந்த வெளிக்கு நடத்துவது போன்ற மனக்கூச்சம் தரும் நகர்த்தலா என்றும் பாருங்கள். பின்னது என்றால் இதயம் படபடக்கப் பார்க்க வேண்டிய தருணம் அதுதான்.

எக்ஸ் விசையைத் தட்டினால் எதிராளியின் மிரட்டல் தெரியும். அதாவது, இவர் நகர்த்தாமல் சும்மா விட்டால் அவர் என்ன செய்வார் என்பதை எஞ்சின் காட்டும். கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல வசதி அந்தத் தளத்தில் இல்லை என்பது என் எண்ணம். சிறந்த நகர்த்தலைக் காட்டினால் விடை கிடைக்கும், மிரட்டலைக் காட்டினால் கேள்வி கிடைக்கும். விடையை நீங்களே தேடலாம்.

எஞ்சின் சொன்ன நகர்த்தல் புரியவில்லையா? உங்களுக்குத் தோன்றியதைப் பலகையில் நகர்த்தி, அதற்கு எஞ்சின் தரும் பதிலடியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நகர்த்தலில் காரணம் வெளியே வந்துவிடும். வந்ததும் அணைத்துவிட்டு நேரலைக்குத் திரும்புங்கள்.

ஆழம் என்று ஓர் எண் ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள், எஞ்சின் எவ்வளவு தூரம் முன்னால் பார்த்திருக்கிறது என்பது அது. அது இருபதைத் தாண்டும் முன் எந்த முடிவுக்கும் வராதீர்கள், தொடக்கத்தில் எண் அலைபாயும். லிச்செஸில் எஞ்சின் பெரும்பாலும் உங்கள் கருவியிலேயே ஓடுகிறது. மணிக்கணக்கில் திறந்து வைத்தால் கைப்பேசி சூடாகும், மின்கலம் தீரும். தேவைப்படும்போது மட்டும் திறக்க இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் இணையத்தில் யாருடனாவது ஆடிக்கொண்டிருக்கும்போது இதே எஞ்சினை இன்னொரு தாவலில் திறக்காதீர்கள். பார்ப்பதற்கு அது துணை. ஆடும்போது அது திருட்டு.

ஆறாம் படி: எண்ணையும் கடிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள்

+2 நிலையில் ஒருவருக்கு 50 நிமிடம் இருந்தால் ஒரு கதை. அதே +2, கையில் 40 வினாடி, இன்னும் எட்டு நகர்த்தல் போட வேண்டும் என்றால் கதை வேறு. எஞ்சினுக்குக் கடிகாரம் தெரியாது. எனவே 30ஆவது நகர்த்தலைத் தாண்டியதும் என் கண் முதலில் போவது கடிகாரத்துக்கு, பிறகு பலகைக்கு, கடைசியில்தான் எண்ணுக்கு.

2025 ஜூன் 1, ஸ்டாவாங்கரில் நடந்த நார்வே செஸ். குகேஷுக்கு எதிராக கார்ல்சன் வெகுநேரம் வெற்றிநிலையில் இருந்தார். பட்டையை நம்பியவர்கள் ஆட்டம் முடிந்ததாகவே எழுதிவிட்டார்கள். குகேஷ் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஏதாவது ஒரு சிக்கலை எதிரே வைத்துக்கொண்டே இருந்தார். இருவரிடமும் நேரம் கரைந்து, வினாடிகளில் ஆட வேண்டி வந்தபோது கார்ல்சன் தவறினார், தோற்றார், மேசையைக் குத்தினார். அந்த மேசைக் குத்தல்தான் எல்லா இடத்திலும் பரவியது. ஆனால் கடிகாரத்தோடு சேர்த்து அந்தக் கடைசி இருபது நகர்த்தல்களைப் பாருங்கள். தோற்கும் நிலையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் சமீபத்தில் நான் பார்க்கவில்லை.

ஏழாம் படி: எஞ்சின் கண்டாலும் மனிதனால் ஆட முடியாதவை

2018, லண்டன். கார்ல்சன், ஃபாபியானோ கருவானா, ஆறாவது ஆட்டம். கருவானா கறுப்பு. 68ஆவது நகர்த்தலின்போது நார்வேயில் ஓடிக்கொண்டிருந்த செஸ்ஸே என்ற பெரிய கணினி, கறுப்பு மேட் செய்ய வழி இருக்கிறது என்று அறிவித்தது. முப்பதுக்கு மேல் நகர்த்தல்கள் கொண்ட மேட். பிஷப்பை எச்4இல் வைத்து, பின்பு தன் குதிரையை ஜி1 கட்டத்துக்குக் கொண்டுபோய், வெளியே வர வழியில்லாத இடத்தில் தானே அடைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் வெற்றி வழி. எந்த மனிதனும் தன் குதிரையை அப்படிக் கொண்டுபோய் அடைக்க மாட்டான். ஆட்டம் 80 நகர்த்தலில் டிரா ஆனது. ‘கருவானா வெற்றியைத் தவறவிட்டார்’ என்று பலர் எழுதினார்கள். அப்படிச் சொல்வது நியாயமே இல்லை. தவறவிட, முதலில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே யாராவது ஒரு நகர்த்தலைத் ‘தவறவிட்டார்’ என்று திரை சொல்லும்போது, அந்த வரியை ஐந்து நகர்த்தல் ஓட்டிப் பாருங்கள். நடுவில் ‘ஏன் இது?’ என்று எஞ்சினால்கூட விளக்க முடியாத இடம் இரண்டு வந்தால், அதை மனிதக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோச்சி குதிரை அப்படிப்பட்டது அல்ல. அது மூன்று நகர்த்தலில் முடிந்துவிடும், ஆனந்தே கண்டிருக்கக் கூடியது. லண்டன் குதிரை வேறு வகை. இந்த இரண்டுக்கும் பட்டை ஒரே நிறத்தைத்தான் பூசும், பிரிப்பது நம் வேலை.

எஞ்சினே தவறும் இடமும் ஒன்று உண்டு. சிப்பாய்கள் ஒன்றையொன்று முட்டி, பலகை முழுக்கப் பூட்டிக்கொண்ட நிலையில் ஒரு பக்கம் காய் கூடுதலாக இருந்தால் அது +2, +3 என்று காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே நுழைய வழியே இருக்காது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பத்துப் பதினைந்து நகர்த்தல் போன பிறகும் எண் ஏறாமல் அப்படியே நின்றால், கோட்டை பூட்டியிருக்கிறது என்று பொருள்.

எட்டாம் படி: யார் பேச்சைக் கேட்பது

வர்ணனையாளர்களில் இரண்டு வகை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசுபவர்கள், பார்க்காமல் தாங்களே கணக்கிட்டுப் பேசுபவர்கள். முதல் வகையினர் எப்போதும் சரியாகச் சொல்வார்கள், அதனால் நமக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இரண்டாம் வகையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் ‘இப்படிப் போனால்… இல்லை, அதற்கு அவர் இப்படி வருவார்… சரி, அப்போது யானையை முதலில்…’ என்று தடுமாறித் தேடுவதைக் கேட்பது தனிச் சுகம். யோசனை எப்படி நடக்கிறது என்று காதால் கேட்கலாம். அவரைத் தேர்ந்தெடுங்கள்.

நார்வே செஸ்ஸில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே ஒரு தனியறை உண்டு. ஆட்டம் நடக்கும்போதே வீரர் எழுந்து போய்க் கேமராவிடம் தன் மனத்தில் இருப்பதைச் சொல்லலாம், எதிராளிக்குக் கேட்காது. ‘என் நிலை மோசம் என்று நினைக்கிறேன்’ என்று ஒருவர் சொல்வார், எஞ்சின் அவருக்குச் சாதகமாக எண் காட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் ஆட்டம் நடக்கிறது.

பக்கத்தில் ஓடும் உரையாடல் பெட்டியை மூடிவிடுங்கள். விடைகளும் வசைகளும்தான் அதில் இருக்கும்.

ஒன்பதாம் படி: ஆட்டம் முடிந்த பிறகு

முதலில் செய்தியாளர் சந்திப்பைப் பாருங்கள். அதன்பின் நோட்டில் எழுதியதை எடுத்து, எழுதிய நிலைகளுக்கு மட்டும் எஞ்சினைத் திறங்கள். முழு ஆட்டத்தையும் எஞ்சினோடு ஓட்ட வேண்டாம், மூன்று நிலை போதும். உங்கள் ஊகம், வீரர் ஆடியது, எஞ்சின் சொன்னது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வீரரும் எஞ்சினும் வேறுபடும் இடத்தில், வீரர் சந்திப்பில் அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று தேடுங்கள்.

பயிற்சிக்கு ஓர் ஆட்டம் சொல்கிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிங் லிரனுக்கும் குகேஷுக்கும் 6.5 – 6.5. பதினான்காவது, கடைசி ஆட்டம். டிங் வெள்ளை. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா நிலை. மறுநாள் விரைவாட்டத்தில்தான் பட்டம் முடிவாகும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2இல் வைத்தார். உலகம் முழுக்கப் பட்டைகள் ஒரே நொடியில் கறுப்பு பக்கம் சாய்ந்தன. குகேஷ் பிறகு சொன்னது வேறு. அவருக்கு அது உடனே தெரியவில்லை. யானையை பி3க்குக் கொண்டுபோகத்தான் முதலில் நினைத்திருந்தார். வெள்ளை பிஷப் மூலையில் சிக்கிக்கொண்டதை அதன்பிறகுதான் கண்டார். யானைக்கு யானை, அப்புறம் டி5இல் தன் பிஷப்பை வைத்து பிஷப்புக்கு பிஷப், மிச்சம் ராஜாவும் சிப்பாயும் மட்டும். 58ஆவது நகர்த்தலில் டிங் ஒப்புக்கொண்டார். 18 வயதில் உலக சாம்பியன்.

விடையை நான் சொல்லிவிட்டேன், அதனால் உங்களுக்கு இது இனி புதிராக இருக்காது. பார்க்காத நண்பர் ஒருவரையோ வீட்டில் ஆடத் தெரிந்த பிள்ளையையோ உட்கார வையுங்கள். பட்டை மேல் காகிதத்தை ஒட்டுங்கள். ஒலியையும் அணைத்துவிடுங்கள், வர்ணனையாளர்களின் கூச்சல் காட்டிக்கொடுத்துவிடும். 50ஆவது நகர்த்தலிலிருந்து ஓடவிட்டு, டிங்கின் கை யானையை விட்டதும் படத்தை நிறுத்துங்கள். பலகையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள். அவர்கள் கண்டுபிடித்த பிறகு படத்தை மறுபடி ஓடவிட்டு, குகேஷ் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.